நடக்காத ஒரு வீழ்ச்சி: பழைய பங்கு விலைகளை வாசிப்பது குறித்து

அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஒரே நாளில் நிகழ்ந்த மிகப் பெரிய வீழ்ச்சி எது? 1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. அன்று டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் 22.61 விழுக்காடு சரிந்தது. ஆனால் அந்தக் குறியீட்டெண்ணின் அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து பொறுமையாகப் புரட்டி வருகிறவர் வேறொரு நாளில் விரல் வைத்து நின்றுவிடுவார். 1914 டிசம்பர் 12. முந்தைய வரியில் 71.42 என்றிருக்கும் எண், அந்த நாளில் 54 ஆகிவிடுகிறது. 24.39 விழுக்காடு வீழ்ச்சி. சந்தைச் சாதனைகளைத் தொகுத்த பட்டியல்கள் பலவற்றில் இந்த நாளே நெடுங்காலம் முதலிடத்தில் இருந்து வந்தது.

அந்த வீழ்ச்சி நடக்கவே இல்லை. அன்று விலைகள் ஏறின. அன்றைய கணக்குப்படி டௌ ஜோன்ஸ் சராசரி 71.42இலிருந்து 74.56ஆக உயர்ந்திருந்தது. அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஓர் இரவு அல்ல, நான்கரை மாதங்கள் கிடந்தன. முதல் உலகப் போர் மூண்டதும், ஐரோப்பியர்கள் தம்மிடமிருந்த அமெரிக்கப் பங்குகளை விற்றுப் பொன்னாக எடுத்துச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சத்தில், 1914 ஜூலை 31ஆம் நாள் நியூயார்க் பங்குச்சந்தை மூடப்பட்டது. டிசம்பர் 12ஆம் நாள்தான் பங்கு வணிகம் மீண்டும் தொடங்கியது. தொடங்கிய நாள் நல்ல நாளாகவே முடிந்தது.

பிறகு 54 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1896 மே 26 அன்று 12 நிறுவனங்களின் விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து 40.94 என்று தொடங்கப்பட்ட சராசரி அது. 1916 அக்டோபரில் அதை 20 நிறுவனங்களின் சராசரியாக மாற்றினார்கள். புதிய இருபதும் சேர்ந்த சராசரி பழைய பன்னிரண்டின் சராசரியைவிடத் தாழ்ந்த எண்ணாக இருந்தது. ஒப்பிடுவதற்கு வசதியாக, சந்தை மறுபடி திறந்த நாள்வரைக்கும் பின்னோக்கிச் சென்று புதிய சராசரியைக் கணக்கிட்டு எழுதிவைத்தார்கள். அதற்கு முந்தைய நாட்களுக்குப் பழைய சராசரியே நின்றது. இரண்டையும் ஒட்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஒட்டைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்த்தார்கள்.

சுவடிப் பதிப்புகளோடு பழகிய வாசகர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரே நூலின் இரண்டு ஏடுகளை யாரோ ஒருவர் நடுவில் வெட்டி ஒட்டிவிட, அடுத்து வந்தவர் அதை மூலநூல் ஆசிரியரின் போக்கு என்று நினைத்து உரையெழுதிய கதைகள் நமக்குத் தெரியும். இடைச்செருகல், பாடபேதம், ஏடு சிதைவு என்று அவற்றுக்கெல்லாம் பெயர்களும் வைத்திருக்கிறோம். பங்கு விலை அட்டவணையை மட்டும் அப்படி வாசிக்க நமக்குத் தோன்றுவதில்லை. எண் என்றால் அது கல்லில் வெட்டியது என்ற ஒரு மயக்கம். அந்த எண்ணையும் ஒருவர் எழுதினார், ஏதோ ஒரு தேவைக்காக எழுதினார், பின்னொருவர் திருத்தினார் என்பதை நினைவில் கொண்டால், பழைய விலைகள் வேறுவிதமாகப் பேசத் தொடங்குகின்றன. அப்படிச் சில அட்டவணைகளை வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் பங்கு விலைகளை ஒழுங்காக அச்சில் தந்தவர்களில் முதல்வர் என்று ஜான் ஹாட்டனைச் சொல்லலாம். 1692இலிருந்து அவர் நடத்திய வார இதழ், பெயரளவில் வேளாண்மைக்கும் வணிகத்துக்குமானது. உரம், உழவு, தானிய விலை ஆகியவற்றின் பக்கத்திலேயே கம்பெனிப் பங்குகளின் விலையும் வந்தது. அவருக்குப் பின் வந்த ஜான் காஸ்டேங் வேறு வகையான மனிதர். பிரெஞ்சு நாட்டில் புராட்டஸ்டண்டு மதத்தினருக்கு இடமில்லாமற் போனபோது கடல் கடந்து வந்த ஹியூகனாட் சமூகத்தைச் சேர்ந்தவர், தொழிலால் தரகர். லண்டனில் எக்ஸ்சேஞ்ச் ஆலி என்ற சந்தில் இருந்த ஜோனதன் காப்பிக்கடையே அவருடைய அலுவலகம். அங்கிருந்து, செவ்வாயும் வெள்ளியுமாக வாரத்துக்கு இருமுறை, ஒரு சிறு தாளை அச்சிட்டு வெளியிட்டார். நமக்குக் கிடைத்துள்ள தாள்கள் 1698இலிருந்து தொடங்குகின்றன. இன்றைய லண்டன் பங்குச்சந்தையின் அதிகாரபூர்வ விலைப்பட்டியலுக்கு அந்தத் தாளே மூதாதை.

அந்தத் தாளின் பெயரே அதன் முன்னுரிமையைச் சொல்லிவிடும். 'செலாவணி விகிதங்களும் பிற செய்திகளும்' என்று பொருள்படும் தலைப்பு அது. ஆம்ஸ்டர்டாம் முதலான நகரங்களுக்கு உண்டியல் அனுப்புகிற வணிகருக்கு வேண்டிய மாற்று விகிதங்கள் முதலில். பொன், வெள்ளி விலை அடுத்து. பங்குகள் 'பிற செய்திகள்' என்ற இடத்தில்தான் வந்தன. விலை என்பதும் இன்று நாம் நினைப்பதுபோல் ஒரு பங்குக்கான விலை அல்ல. நூறு பவுண்டு முகமதிப்புள்ள முதலுக்கு எத்தனை பவுண்டு என்பதே அந்த எண். எத்தனை பேர் வாங்கினார்கள், எவ்வளவு கைமாறியது என்ற குறிப்பு தாளில் கிடையாது. நூறு பேர் முண்டியடித்த நாளும், இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டே பேசி முடித்த நாளும், தாளில் ஒரே அளவு மையைத்தான் பெற்றன.

இந்த எளிய தாளின் மீதுதான் 1720ஆம் ஆண்டின் தென்கடல் கம்பெனிக் கதை முழுவதும் நிற்கிறது. நிதிப் பித்துப் பற்றிய நூல்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு படத்தை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். ஆண்டின் தொடக்கத்தில் 128 பவுண்டு; வசந்தத்தில் 300, 400; கோடையில் ஆயிரத்தைத் தொடும் முகடு; இலையுதிர் காலத்தில் 200 பவுண்டை நோக்கிய செங்குத்துச் சரிவு. சில பதிப்புகளில் அந்தக் கோட்டின்மேல் ஐசக் நியூட்டனின் பெயரும் அம்புக்குறிகளோடு இருக்கும். இங்கே வாங்கினார், இங்கே விற்று மகிழ்ந்தார், இங்கே மறுபடி நுழைந்தார், இங்கே இழந்தார்.

படம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. வீழ்ச்சி உண்மை. நியூட்டன் இழந்ததும் உண்மை. ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ என்ற கணித அறிஞர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஆவணங்களைத் தேடி, நியூட்டன் வசந்த காலத்தில் பெரும்பகுதியை விற்றதையும் ஜூனில் மறுபடி பெருந்தொகைக்கு வாங்கத் தொடங்கியதையும் காட்டியிருக்கிறார். கேள்வி அந்த முகட்டைப் பற்றியது.

1720 ஜூன் மாதம் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 22 வரையில், தென்கடல் கம்பெனியின் பெயர் மாற்றப் பதிவேடுகள் மூடப்பட்டிருந்தன. ஈவுத்தொகை யார் யாருக்கு என்று கணக்கெடுப்பதற்காகக் கம்பெனிகள் இப்படி ஏடுகளை மூடி வைப்பது அக்கால வழக்கம். ஏடு மூடியிருக்கும்போது பங்கை விற்கலாம், ஒப்படைக்க முடியாது. ஆகவே அந்த இரண்டு மாதங்களில் காஸ்டேங் தாளில் அச்சான விலை, கையில் காசு கொடுத்துக் கையோடு பங்கு வாங்கும் விலையே அல்ல. ஏடு திறக்கும் நாளில் பங்கைத் தருகிறேன், அன்றைக்குப் பணம் தா என்ற வாக்கின் விலை. இன்றைய மொழியில் முன்பேர வணிகம். ஏடு மூடிய அந்த நாட்களில் விலை சட்டென்று எகிறியதற்கு, ஒருவகைப் பேரத்தின் விலை நின்று மற்றொரு வகைப் பேரத்தின் விலை அதே பத்தியில் தொடர்ந்ததும் ஒரு காரணம். லாரி நீல் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1990இல் வெளிவந்த தம் நூலில் இதை எடுத்துக்காட்டினார். அந்தக் கோடைக்குரிய ஈவுத்தொகை பணமாக அல்லாமல் பத்து விழுக்காடு கூடுதல் பங்காக அறிவிக்கப்பட்டிருந்தது. அதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆயிரம் என்று நாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் எண்ணில், ஆக, மூன்று சரடுகள் முறுக்கிக் கிடக்கின்றன. பங்கின் மதிப்பு, இரண்டு மாதக் கடனின் மதிப்பு, வரப்போகும் கூடுதல் பங்கின் மதிப்பு. முதலீட்டாளர்கள் பித்துப் பிடித்து அலைந்தார்களா என்பதற்கு ஆயிரத்தைச் சாட்சியாக அழைக்கிறவர்கள், இந்த மூன்றையும் பிரித்துவிட்டு அழைக்கவேண்டும். பிரித்த பிறகும் பித்து மிஞ்சும் என்பதே நம் எண்ணம். கம்பெனியே ஜூனிலும் ஆகஸ்டிலும் ஆயிரம் பவுண்டு விலையில் புதிய பங்குகளைத் தவணை முறையில் விற்றிருக்கிறது, மக்கள் வாங்கியுமிருக்கிறார்கள். ஆனால் அது படத்தில் தெரியும் அளவுக்கு ஒற்றைக் கூர்முனையாக இருக்காது.

நாட்காட்டிச் சிக்கல் தனி. இங்கிலாந்து 1752 வரையில் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. ஆம்ஸ்டர்டாமோ கிரிகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பதினொரு நாள் வேறுபாடு. போதாக்குறைக்கு, இங்கிலாந்தின் சட்ட ஆண்டு மார்ச் 25ஆம் நாளில்தான் பிறந்தது. லண்டன் விலையையும் ஆம்ஸ்டர்டாம் விலையையும் தேதி பார்த்து அருகருகே அடுக்குகிறவர், திருத்தம் செய்ய மறந்தால், ஆம்ஸ்டர்டாம்காரர்கள் லண்டன் செய்தியை அறிய இரண்டு வாரம் எடுத்துக்கொண்ட மந்தபுத்திக்காரர்கள் என்றோ, நடப்பதற்கு முன்பே அறிந்த தீர்க்கதரிசிகள் என்றோ முடிவுகட்டிவிடுவார்.

சரியாக அடுக்கியவர்களுக்குக் கிடைத்த பரிசு பெரிது. இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி, பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஆகியவற்றின் பங்குகள் ஆம்ஸ்டர்டாமிலும் விலைபோயின. லண்டன் செய்தி அங்கே போய்ச் சேர ஒரே வழி, ஹார்விச் துறைமுகத்திலிருந்து புறப்படும் தபால் கப்பல். காற்று எதிர்த்து வீசினால் கப்பல் கிளம்பாது, செய்தியும் கிளம்பாது. பீட்டர் கௌடெய்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் 1770களுக்கும் 1780களுக்கும் உரிய ஆம்ஸ்டர்டாம் விலைகளையும் கப்பல்கள் வந்த நாட்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கப்பல் வந்த நாட்களில் விலை கூடுதலாக அசைந்தது. வராத நாட்களில் அசைவு குறைந்தது, நிற்கவில்லை. செய்தியே இல்லாதபோதும் மனிதர்கள் வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் விலையை அசைத்துக்கொண்டும்தான் இருந்தார்கள். காற்றுத் திசையை ஆய்வுக்கருவியாக்கிய இந்த உத்தி நம்மை வெகுவாகக் கவர்ந்தது. பழைய விலைப்பட்டியல் தனியாகப் பேசுவதைவிட, பக்கத்தில் ஒரு கப்பல் பதிவேட்டை வைத்தால் எவ்வளவோ தெளிவாகப் பேசுகிறது.

1914இல் நியூயார்க் சந்தை மூடிக்கிடந்த மாதங்களுக்கும் அப்படியொரு துணை ஏடு வேண்டியிருக்கிறது. சந்தைக் கட்டடத்தின் கதவுகள் பூட்டியிருந்தாலும், பக்கத்து நியூ தெருவில் ஆட்கள் நின்றுகொண்டு பங்குகளை விற்றார்கள், வாங்கினார்கள். அந்த விலைகளை அச்சிட்டால் பீதி பரவும் என்று செய்தித்தாள்கள் அவற்றை வெளியிடாமல் ஒதுக்கின. அட்டவணையில் அந்நாட்கள் வெற்றிடம். விலை இல்லாததால் வந்த வெற்றிடம் அல்ல அது. எழுத வேண்டாம் என்று முடிவெடுத்ததால் வந்தது.

எழுதியவர் எதை எழுதினார் என்பது, எண்ணைக் கொண்டு செய்யும் ஆய்வையே எப்படித் திசை மாற்றிவிடும் என்பதற்கு ஆல்ஃபிரட் கௌல்ஸ் கதை நல்ல சான்று. சிகாகோ செய்தித்தாள் குடும்பத்துச் செல்வர். காசநோய் காரணமாக கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தங்கியிருந்தவர். பங்குச்சந்தைச் சோதிடர்களின் வாக்கைப் பல ஆண்டுகள் வாங்கிப் படித்து, 1929இன் சரிவை அவர்கள் முன்னுரைக்கவில்லை என்பதைக் கண்டவர். முன்னுரைப்பவர்களால் உண்மையில் முன்னுரைக்க முடிகிறதா என்று 1933இல் கட்டுரை எழுதி, ஐயமே என்று முடித்தார். அவர் 1938இல் வெளியிட்ட தொகுப்பு, 1871ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் சென்று அமெரிக்கப் பங்கு விலைகளையும் ஈவுத்தொகைகளையும் திரட்டித் தந்தது. பழைய நிதி இதழ்களின் பக்கங்களிலிருந்து துளை அட்டைகளுக்கு எண்களை ஏற்றிச் செய்த வேலை. இன்று ராபர்ட் ஷில்லரின் பெயரோடு நாம் காணும் நெடுங்கால விலைத் தொடரின் பழைய பகுதி கௌல்ஸின் உழைப்பே.

அதே கௌல்ஸ் 1937இல், ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து, விலைகளுக்கு ஒருவகை உந்தம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஏறிய மாதத்தை ஏறும் மாதமே தொடர்வது தற்செயலைவிட அதிகமாக நடக்கிறது என்பது அவர் கண்டது. ஆனால் அவர் பயன்படுத்திய மாத விலைகளில் பல, மாதக் கடைசி நாளின் விலைகள் அல்ல. மாதத்துக்குள் இருந்த விலைகளின் சராசரிகள். ஹோல்புரூக் வொர்க்கிங் 1960இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். முற்றிலும் தற்செயலாக, குடிகாரன் நடைபோல நகரும் எண்களை எடுத்துச் சராசரியாக்கினால், அந்தச் சராசரிகளின் மாற்றங்களுக்கிடையே ஏறத்தாழ 0.25 அளவுக்கு ஒட்டுறவு தானாகவே முளைத்துவிடும் என்று காட்டினார். உந்தம் சந்தையில் இல்லாவிட்டாலும் சராசரியில் இருக்கும். அதே ஆண்டிலேயே கௌல்ஸ் தம் பழைய முடிவைத் திருத்தி மறுகட்டுரை எழுதினார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் தம் தவறைத் தாமே அச்சிலேற்றுகிற ஆய்வாளரை நாம் அடிக்கடி சந்திப்பதில்லை.

அதே 1960இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மற்றொரு பெருவேலை தொடங்கிற்று. மெரில் லிஞ்ச் நிறுவனத்தைச் சேர்ந்த லூயி எங்கல், சாதாரண மனிதர் பங்குகளில் பணம் போட்டிருந்தால் உண்மையில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று விளம்பரத்தில் சொல்ல விரும்பினார். சொல்வதற்கு ஆதாரம் இல்லை. நிறுவனம் நிதி தர, ஜேம்ஸ் லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் 1926 தொடங்கி நியூயார்க் சந்தையிலிருந்த அத்தனை சாதாரணப் பங்குகளின் மாத இறுதி விலைகளையும் காந்த நாடாவில் ஏற்றினார்கள். 1964இல் விடை வெளிவந்தது. 1926 தொடக்கம் முதல் 1960 இறுதி வரை, ஈவுத்தொகையை மறுபடி பங்கிலேயே போட்டு, வரியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஆண்டுக்கு 9 விழுக்காடு.

9 என்ற எண்ணைவிட, அதை எட்டிய வழி நமக்கு முக்கியம். அத்தனை பங்குகள் என்றால், பாதியில் செத்த கம்பெனிகளும் சேர்த்தி. மற்றொன்றோடு இணைந்தவை, பெயர் மாறியவை, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவை எல்லாவற்றையும் தேடிப்பிடித்து, பங்குதாரர் கையில் கடைசியாக என்ன வந்தது என்று பார்க்கவேண்டும். இன்றைக்கு இருக்கும் கம்பெனிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றின் கடந்த காலத்தை மட்டும் திரட்டினால் வேலை எளிது. ஆனால் அது, ஒரு ஊரின் ஆயுட்காலத்தை அறிய அங்குள்ள தாத்தாக்களை மட்டும் பேட்டி காண்பதற்கு ஒப்பாகும். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஓட்டை இருந்தது. சந்தையிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனிகள் பலவற்றுக்குக் கடைசி இழப்பு நாடாவில் பதிவாகவில்லை என்பதை டைலர் ஷம்வே 1997இல் கண்டுபிடித்தார். நொடிப்பு முதலிய காரணங்களால் நீக்கப்பட்ட பங்குகளில் அந்தக் கடைசி இழப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு.

கம்பெனிகள் மட்டுமா செத்தன? சந்தைகளே செத்திருக்கின்றன. ஜோரியனும் கோட்ஸ்மனும் 1999இல் 39 நாடுகளின் சந்தை வரலாற்றைத் திரட்டினார்கள். 1921 முதல் 1996 வரை, விலைவாசியைக் கழித்துப் பார்க்கையில், அமெரிக்கப் பங்கு விலைகள் ஆண்டுக்கு 4.3 விழுக்காடு உயர்ந்திருந்தன. மற்ற நாடுகளின் நடுமதிப்பு 0.8 விழுக்காடுதான். புரட்சிக்குமுன் பீட்டர்ஸ்பர்கில் பங்கு வாங்கியவரும், 1949க்குமுன் ஷாங்காயில் வாங்கியவரும், தத்தம் காலத்தில் அறிவுள்ள முதலீட்டாளர்களே. அவர்களுடைய பத்தி பாதியில் நின்றுவிடுவதால், நெடுங்கால விலை என்றதும் உலகம் அமெரிக்காவின் அட்டவணையைத் திறக்கிறது. பங்குகள் நீண்ட காலத்தில் எப்போதும் ஏறும் என்ற வாக்கியம் அந்த அட்டவணையிலிருந்து பிறந்தது.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். 1929 செப்டம்பர் 3 அன்று டௌ ஜோன்ஸ் 381.17. சரிந்து 1932 ஜூலையில் 41.22. பழைய உயரத்தை அது மறுபடி கடந்தது 1954 நவம்பரில். இருபத்தைந்து ஆண்டுகள் என்று இதைச் சொல்லி முதியோரை அச்சுறுத்துவது நிதி எழுத்தாளர்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் குறியீட்டெண்ணில் ஈவுத்தொகை கிடையாது. அக்காலத்தில் பங்கு வைத்திருந்தவருக்கு ஈவுத்தொகை சிறு காசு அல்ல, பாதிச் சோறு. 1929க்கும் 1933க்கும் இடையே பொருள்களின் விலையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. டாலருக்கு வாங்கும் வலு கூடியது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், பொறுத்திருந்த முதலீட்டாளர் 1936 இறுதிவாக்கில் பழைய நிலையை எட்டிவிட்டார் என்கிறார்கள். இருபத்தைந்து ஏழாகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. 1939இல் டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து ஐபிஎம் நிறுவனத்தை நீக்கினார்கள்; நாற்பது ஆண்டுகள் கழித்து 1979இல்தான் மறுபடி சேர்த்தார்கள். இடைக்காலத்து ஐபிஎம் வளர்ச்சி அந்த எண்ணில் ஏறவே இல்லை.

ஏழு என்று சொல்லி ஆறுதலடைகிறவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. பொறுத்திருந்தவர் யார்? 1929இல் பலர் கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தார்கள். விலை சரிந்ததும் தரகர் அவர்கள் பங்கை விற்றுக் கடனை எடுத்துக்கொண்டார். வேலை போனவர்கள் அரிசிக்கும் ரொட்டிக்கும் விற்றார்கள். ஈவுத்தொகையை மறுபடி பங்கிலேயே போட்ட மனிதர், பசியே எடுக்காத ஒரு கற்பனைப் பாத்திரம். லோரியும் ஃபிஷரும் கண்ட 9 விழுக்காட்டின் நாயகனும் அவரே. அவர் வரி கட்டுவதில்லை, மகள் கல்யாணத்துக்கு விற்பதில்லை, பயப்படுவதுமில்லை. கணக்குக்கு அப்படியொருவர் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவருடைய வருமானத்தை நம் வருமானமாக எடுத்துக்கொண்டு ஓய்வுக்காலத்தைத் திட்டமிடும்போதுதான் இடிக்கிறது.

நம் நாட்டு எண்களுக்கு வருவோம். மும்பைச் சந்தையின் சென்செக்ஸ், 1978-79ஆம் ஆண்டை நூறாகக் கொண்டது. அதனால் அது 1979இலேயே பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். வெளிவரத் தொடங்கியது 1986இல். முதல் ஏழாண்டு எண்கள் 1986இலிருந்து திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. 1980ஆம் ஆண்டில் எந்த முதலீட்டாளரும் காலையில் செய்தித்தாளைப் பிரித்து சென்செக்ஸ் எவ்வளவு என்று பார்த்ததில்லை. அக்கால மனநிலைக்கு அந்த எண்ணைச் சாட்சியாக வைக்கிற கட்டுரையைப் பார்த்தால், 1914 டிசம்பர் 12ஐ நினைத்துக்கொள்ளலாம். 2003 செப்டம்பரில், கம்பெனியின் மொத்தப் பங்குகளையும் எண்ணும் முறையிலிருந்து, சந்தையில் உண்மையில் புழங்கும் பங்குகளை மட்டும் எண்ணும் முறைக்கு அது மாறியது. கோடு வளையாமல் போகிறது, கணக்கு மாறிவிட்டது.

தனிப்பட்ட பங்கின் பழைய விலையில் இந்தத் திருத்தும் கை இன்னும் ஆழமாகப் புகுந்திருக்கும். ஒரு கம்பெனி, ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று போனஸ் தரும்போது விலை மறுநாள் பாதியாகிவிடும். யாருக்கும் இழப்பில்லை, பங்கு இரண்டாகியிருக்கிறது. இந்தப் போலிச் சரிவு கோட்டில் தெரியாமலிருக்க, முந்தைய விலைகள் அத்தனையையும் இரண்டால் வகுத்து மாற்றி எழுதுவார்கள். அடுத்த போனஸுக்கு மறுபடியும் வகுப்பார்கள். ஆகவே திருத்திய விலை என்பது அன்று எழுதி முடிந்த வரலாறு அல்ல. ஒவ்வொரு போனஸுக்கும் கடந்த காலம் முழுவதும் புதிதாக அச்சாகிறது. போன ஆண்டு நாம் படியெடுத்து வைத்த எண்ணும் இவ்வாண்டு காணும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பதிப்புகள், அவ்வளவே. ஒப்பீட்டுக்குத் திருத்திய விலை வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் என்ன விலை கொடுத்தார், அவரால் கொடுக்க முடிந்திருக்குமா என்று அறியத் திருத்தாத விலைதான் வேண்டும்.

இன்ஃபோசிஸ் 1993 பிப்ரவரியில் பங்கு ஒன்றை 95 ரூபாய்க்குப் பொதுமக்களுக்குத் தந்தது. பின்னர் போனஸ்களும், 2000ஆம் ஆண்டில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்ததும் சேர்ந்து, 2018க்குள் அந்த ஒரு பங்கு 1,024 பங்குகளாகியிருந்தது. 95ஐ 1,024ஆல் வகுத்தால் ஒன்பது காசு. திருத்திய அட்டவணையில் பழைய விலைகள் காசுகளில் நிற்பது இதனால்தான். ஒன்பது காசுக்குக் கிடைத்ததே, யார்தான் விட்டிருப்பார்கள் என்று அதைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும். 1993இல் அந்தப் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். அதற்கு மேல் 85 ரூபாய் கேட்டார்கள். கணினி மென்பொருள் விற்கும் கம்பெனி என்றால் என்ன என்பதே பலருக்குப் புரியாத காலம். விண்ணப்பங்கள் போதுமான அளவு வரவில்லை. மிஞ்சிய பங்குகளில் பெரும்பகுதியை ஓர் அமெரிக்க வங்கி அதே 95 ரூபாய் விலைக்கு எடுத்துக்கொண்டது.